பூசான்ல கை குடுத்தா போச்சம்பள்ளில என்ன ஆகும்? பினாங்குல இருந்து ஒரு பொலம்பல்

பர்கூர்_பினாங்கு | ஞாயிறு, 2 நவம்பர் 2025, காலை

வணக்கம் மக்களே. வியாழக்கெழம கொரியாவுல பூசான்ல ட்ரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் ஒக்காந்து பேசுனாங்க இல்ல, அன்னிக்கு நம்ம ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பு மூணுலயும் பாத்தேன், ஒருத்தனும் அத பத்தி மூச்சு விடல. யாரு யாரோட கூட்டணி, எந்த நடிகர் என்ன பேசுனாரு, இதே தான் ஓடுது. பேசுங்க, வேணாங்கல, தேர்தல் வருது. ஆனா நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அந்த பூசான் மேட்டரு எவ்ளோ கிட்டன்னு யோசிச்சீங்களா?

சொல்றேன். இ-ஸ்கூட்டர் மோட்டார்ல இருக்கற காந்தம் நியோடிமியம் காந்தம். அது சூட்டுல பவர் எழக்காம இருக்க கொஞ்சூண்டு டிஸ்ப்ரோசியம், டெர்பியம் சேப்பாங்க. சீனா இந்த வருஷம் ஏப்ரல் 4-ல அந்த ரெண்டு உட்பட ஏழு ரேர் எர்த்துக்கு, அதாவது அரிய மண் உலோகத்துக்கு, லைசென்சு இல்லாம வெளிய அனுப்பக் கூடாதுன்னு போட்டுட்டான். காந்தமும் சேத்து தான். ஒசூர்ல டிவிஎஸ், ஒசூர்லயே ஏத்தர், போச்சம்பள்ளில ஓலா. ஒரே மாவட்டத்துல மூணு இ-ஸ்கூட்டர் கம்பெனி, இந்தியாவுல வேற எந்த மாவட்டத்துலயாவது இப்டி இருக்கான்னு எனக்கு சந்தேகம். ஜூன் ஜூலைல ஸ்டாக்கு எத்தன நாளைக்கி வரும்னு எண்ணிக்கிட்டு இருந்தது இந்த தொழில் முழுக்க. அக்டோபர் 9-ல இன்னும் அஞ்சு சேத்தான், அத தான் இப்ப பூசான்ல ஒரு வருஷம் தள்ளி வெச்சிருக்காங்க. ஏப்ரல்ல போட்டது அப்டியே தான் கெடக்குது.

நான் பர்கூர் பக்கம், இங்க மலேசியா பினாங்கு பயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில ப்ராசஸ் இன்ஜினியர். வெளிய இருந்து பாக்கறப்போ ஒன்னு தெரியுது. நம்ம அப்பா காலத்துல ஊருக்கு மழ வருமா, கேஆர்பி டேம் நெறையுமா, இது தான் கவல. இப்ப பெய்ஜிங்ல ஒரு ஆபீசர் ஃபைல்ல கையெழுத்து போடலன்னா ஒசூர்ல சி ஷிஃப்ட் நிக்கும்.

இங்க கம்பெனி கேட்ல செக்யூரிட்டி முழுக்க நேபாளிங்க. செப்டம்பர் 8, 9 ரெண்டு நாளும் அவங்க மூஞ்சிய பாக்க முடியல. அவங்க ஊர்ல சோஷியல் மீடியா தடைக்கி எதிரா பசங்க ரோட்டுக்கு வர, போலீசு சுட்டு, பார்லிமென்ட்டு எரிஞ்சி, பிரதமர் ஓலி ராஜினாமா பண்ணி, மூணே நாள்ல சுசீலா கார்க்கி இடைக்கால பிரதமர் ஆனாங்க. நைட் டூட்டி அண்ணன் ஒருத்தரு வீட்டுக்கு போன் போட்டுக்கிட்டே இருந்தாரு, லைன் கெடைக்கல, ஆனா வர்ற வண்டிக்கு கேட்ட தொறந்து சல்யூட் வெக்கிறாரு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஆகஸ்ட் கடைசில பக்கத்து இந்தோனேஷியா, எம்பிங்களுக்கு மாசம் 5 கோடி ரூபியா வீட்டு அலவன்சு-ன்னு கேட்டு ஜனங்க கொதிச்சாங்க. ஜூலைல தாய்லாந்தும் கம்போடியாவும் அஞ்சு நாள் குண்டு போட்டுக்கிட்டு, அப்புறம் மலேசியாவுல வெச்சி தான் நிறுத்துனாங்க. போன ஞாயித்துக்கெழம கோலாலம்பூர்ல அதுக்கு மறுபடி கையெழுத்து, ட்ரம்ப் ஏர்போர்ட்ல எறங்கி டான்ஸ் ஆடுனத பாத்துருப்பீங்க, அது மட்டும் நம்ம குரூப்புல வந்துச்சி.

சரி விஷயத்துக்கு வர்றேன். பினாங்கு 1969-ல ஃப்ரீ போர்ட், அதாவது வரி இல்லா துறைமுகம்ங்கற அந்தஸ்து போயி, வேல இல்லாம கெடந்த தீவு. லிம் சொங் இயூ-ன்னு ஒரு முதலமைச்சர், 1972-ல பயான் லெப்பாஸ்ல ஃப்ரீ டிரேட் ஜோன் போட்டாரு, இன்டெல் சிப் கம்பெனி அதே வருஷம் நெல்லு வயல் இருந்த எடத்துல வந்து ஒக்காந்துச்சி. கிராமத்துல இருந்து பொண்ணுங்க பஸ்ல வந்து மைக்ரோஸ்கோப்ல பாத்து சிப்புக்கு வயர் ஒட்டுனாங்க. அப்ப இருந்த ஃபோட்டோ பாத்தா எனக்கு அப்டியே நம்ம ஒசூர் பக்கம் திம்ஜேபள்ளி ரோட்ல காலைல வரிசையா போற கம்பெனி பஸ்ஸு தான் கண்ணுக்கு வருது. ஆனா இவனுங்க அங்கயே நிக்கல, 1989-ல கம்பெனிங்க எல்லாம் சேந்து ஸ்கில் சென்டர் ஒன்னு ஆரம்பிச்சி ஆபரேட்டர டெக்னீஷியன் ஆக்குனாங்க, ஹெச்பி-ல வேல பாத்தவங்க வெளிய வந்து 2000-ல விட்ராக்ஸ்னு சொந்தமா டெஸ்ட் மெஷின் கம்பெனி போட்டாங்க, இன்னிக்கு அது உலகம் பூரா விக்குது.

என் கேள்வி இது தான். நம்ம ஊருக்கு வயர் ஒட்டுற வேல வந்துருச்சி, ரொம்ப சந்தோஷம். அடுத்தது வருமா, இல்ல நெலத்த வித்தவன் வீடு கட்டி வாடக வாங்குறதோட முடிஞ்சிருமா?

---

ஒசூர்_சி_ஷிஃப்ட்

அண்ணா நல்லா எழுதியிருக்கீங்க ஆனா ஒரு விஷயம் ஒத்துக்க மாட்டேன். ஒசூர்ல நேத்து தான் கம்பெனி வந்த மாதிரி பேசறீங்க. லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்து நாப்பது வருஷம் ஆச்சி, அவங்கள நம்பி சின்ன யூனிட்டு எத்தன இருக்கு தெரியுமா, லேத்து, சிஎன்சி, பிரஸ் ஷாப், ஹோஸ்டியாங்கற சிறுதொழில் சங்கத்துல போயி கேளுங்க. எங்க மாமாவே ரெண்டு சிஎன்சி போட்டு ஓட்டறாரு. நாங்களும் அடுத்த படிக்கி போயிருக்கோம்.

நான் இருக்கறது மொபைல் பார்ட்ஸ் லைன், கம்பெனி பேரு வேணாம். எங்க லைன்ல பாதிக்கு மேல பொண்ணுங்க, தர்மபுரி, திருவண்ணாமல, அப்புறம் ஜார்க்கண்டு, ஒடிசா. கையில வர்றது பதினஞ்சாயிரத்து சொச்சம். மலேசியாவுல எவ்ளோ?

---

பர்கூர்_பினாங்கு

சின்ன யூனிட்ட நான் கொறச்சி சொல்லல தம்பி. அது வண்டிக்கு பார்ட்ஸ், இரும்பு அலுமினியம் வேல, அதுல ஒசூர அடிச்சிக்க ஆளில்ல. நான் சொல்றது எலக்ட்ரானிக்ஸ். அந்த லைன்ல நிக்கற மெஷின் எங்க இருந்து வருது, பார்ட்ட புடிச்சி வெக்கற ஃபிக்ச்சர் யாரு செய்றா, டெஸ்டர் பழுதானா யாரு வர்றா? இந்த ஜூலைல ஐஃபோன் செய்ற ஃபாக்ஸ்கான்ல இருந்து சீன இன்ஜினியர்ங்கள திருப்பி கூப்ட்டுக்கிட்டாங்கன்னு செய்தி வந்தப்போ ஏன் எல்லாருக்கும் வயித்த கலக்குச்சி? உங்க மாமா சிஎன்சில ஒரு டெஸ்ட் ஃபிக்ச்சர் ஆர்டர் வந்தா செய்வாரா மாட்டாரா, கண்டிப்பா செய்வாரு, அந்த ஆர்டர் அவருக்கு வருதாங்கறது தான் கேள்வி.

சம்பளம்: இங்க 2025 பிப்ரவரில இருந்து கொறஞ்சபட்ச சம்பளம் 1700 ரிங்கிட், நம்ம காசுல முப்பத்தஞ்சாயிரம் கிட்ட. வாடக, சாப்பாடு போனா பெருசா மிஞ்சாது, அதயும் சேத்து சொல்லணும்.

---

மாந்தோட்டக்காரன்

ஸ்கூட்டர் கம்பெனி நின்னா நிக்கட்டும்யா, மாங்கா பத்தி யாருமே பேச மாட்டீங்களா. ஜூன்ல பெங்களூரா ரக மாங்கா கிலோ அஞ்சு ரூபாய்க்கு கேட்டாங்க, பறிக்கற கூலி வண்டி வாடகைக்கி கூட கட்டல, பாதிய மரத்துலயே விட்டுட்டோம். அதுக்கும் வெளிநாட்டு சமாச்சாரம் தான் காரணம்னு ஜூஸ் ஃபேக்டரிக்காரன் சொன்னான். போன வருஷ கூழே ட்ரம்மு ட்ரம்மா குடோன்ல நிக்குது, கப்பல் செங்கடல்ல போக மாட்டேங்குது, சவூதி ஏமன் ஆர்டர் இல்லன்னான். நெசமா இல்ல எங்கள அமுக்க சொல்றானா தெரியல.

ஆந்திராக்காரன் அவன் விவசாயிக்கி ஃபேக்டரி எட்டு ரூபா, கவர்மெண்டு நாலு ரூபான்னு பன்னண்டு குடுத்தான். சித்தூர்ல வெளி மாநில பழமே உள்ள வரக்கூடாதுன்னு கலெக்டர் ஆர்டர். கர்நாடகாவுக்கு டெல்லில இருந்து ரெண்டர லட்சம் டன்னுக்கு ஏற்பாடு பண்ணாங்க. நடுவுல மாட்டுனது நாம.

---

தோஹா_பாலக்கோடு

செங்கடல் விஷயம் நெசம் தான் மாமா. 2023 நவம்பர்ல இருந்து ஏமன் ஹூத்திங்க அடிக்க ஆரம்பிச்சி பெரிய கப்பல்ங்க எல்லாம் ஆப்பிரிக்காவ சுத்தி போச்சி, யூரோப்புக்கு போற சரக்குக்கு ரெண்டு வாரம் கிட்ட கூட ஆகும், வாடகையும் ஏறும். ஆனா சவூதிக்கி தம்மாம் பக்கமா போனா செங்கடலே வேணாமே, அதனால அவரு சொன்னதுல பாதி தான் உண்ம.

நான் தோஹால ஏசி மெக்கானிக். ஜூன் 23 நைட்டு அல் உதைத்ல இருக்கற அமெரிக்கா விமானத் தளம் மேல ஈரான் ராக்கெட் விட்டப்போ மொட்ட மாடில நின்னு பாத்தோம், மத்தாப்பு மாதிரி மேல வெடிக்கிது. ரூம்ல இருந்த பத்து பேரும் ஒரே நேரத்துல ஊருக்கு போன். ஏர்போர்ட்ட மூடிட்டாங்க. அம்மா "வந்துர்றா, களி தின்னுட்டு கெடக்கலாம்"னாங்க. அப்புறம் செப்டம்பர் 9-ல இஸ்ரேல் வந்து தோஹாக்குள்ளயே குண்டு போட்டான், இந்த தடவ அம்மா கிட்ட சொல்லவே இல்ல, அவங்களா டிவில பாத்துட்டு கூப்ட்டாங்க. நேபாளி அண்ணன் கத படிச்சப்போ அதான் ஞாபகம் வந்துச்சி, நாங்களும் அடுத்த நாள் காலைல அஞ்சு மணிக்கி வண்டி ஏறி வேலைக்கி போனோம், வேற என்ன பண்றது.

---

கருங்கல்

எல்லாரும் சொல்லிட்டீங்க, கல்லு மட்டும் பாக்கி. கிருஷ்ணகிரி கலர் கல்லு, தர்மபுரி பக்கம் கருப்பு, ஸ்லாப் அமெரிக்காவுக்கு போறது, பிளாக் சீனாவுல ஷியாமென் போறது, அதாவது ஒரு காலு ட்ரம்ப் கையில ஒரு காலு சீனாக்காரன் கையில. 2025 ஆகஸ்ட் 7-ல 25, 27-ல இன்னொரு 25, மொத்தம் 50 சதவீதம் வரி போட்டாரு ட்ரம்ப். ரஷ்யா எண்ணெ வாங்குனதுக்கு தண்டன நம்ம சமையல்கட்டு மேட கல்லுக்கு. அங்க இருக்கற வாங்குறவன் "வரில பாதி நீ ஏத்துக்கோ"ன்னு மெயில் போடறான். பாலிஷ் யூனிட்டுல ரெண்டு ஷிஃப்ட்ட ஒன்னாக்கியாச்சி. பிரேசில்காரனுக்கும் 50 தான்னு மனச தேத்திக்கிட்டோம்.

---

தகடூர்_டீச்சர்

பர்கூர் அண்ணா, நீங்க கிருஷ்ணகிரிக்காரரு, சிப்காட்டு, ஸ்கூட்டர்னு பேசலாம். நாங்க தர்மபுரி. 2004-ல மாவட்டத்த பிரிச்சப்போ கம்பெனி எல்லாம் உங்க பக்கம் போச்சி, எங்களுக்கு ஒகேனக்கல் மிஞ்சுச்சி. எங்க ஸ்கூல்ல பத்தாவது முடிச்ச பொண்ணுங்க ஒசூர் கம்பெனிக்கும் திருப்பூருக்கும் போகுது, பசங்க பெங்களூர்ல பெயின்ட் அடிக்க போறானுங்க. மொரப்பூர் ரயில் லைன் 1906-ல இருந்துச்சாம், 1941-ல பிடுங்கிட்டாங்க, 2019-ல மறுபடி அடிக்கல் நாட்டுனாங்க, இன்னும் ரயிலக் காணோம்.

ஆசியாவால எங்களுக்கு வந்த நல்லது ஒன்னே ஒன்னு சொல்லணும்னா ஜப்பான் கடன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம், 1928 கோடி, ஜைக்காங்கற ஜப்பான் அரசு நிறுவனத்து பணம், 2013-ல தொறந்தாங்க. அதுக்கு முன்னாடி நான் வேலைக்கி சேந்த புதுசுல கிளாஸ்ல சிரிச்சா பாதி புள்ளைங்களுக்கு பல்லு பழுப்பு, ஃப்ளோரைடு. பெரியவங்களுக்கு முட்டி வலி, முதுகு வளஞ்சி போறது. இப்ப சின்ன கிளாஸ் புள்ளைங்க பல்லு எவ்ளோவோ தேவல. குழா தண்ணி எல்லா ஊருக்கும் எல்லா நாளும் வருதான்னு கேட்டா அது வேற சண்ட. கர்நாடகாக்காரங்க 2008-ல எவ்ளோ கலாட்டா பண்ணாங்க, அன்னிக்கு அந்த கடன் கையெழுத்து ஆகலன்னா இன்னிக்கும் போர்வெல் தண்ணி தான் குடிச்சிருப்போம்.

மகளிர் உலகக் கோப்ப கிரிக்கெட் ஃபைனல் மேட்ச் ஆரம்பிக்க போகுது, மழ விட்டுருச்சாம். அப்புறம் வர்றேன்.

---

நைனா_காவேரிப்பட்டணம்

தம்பிகளா, நான் ரிட்டையர் ஆனவன். 80-கள்ல டைட்டன்ல நம்ம கிராமத்து பசங்கள, பத்தாவது பன்னண்டாவது படிச்சவங்கள எடுத்து வாட்ச் வேலயே கத்துக் குடுத்து ஆளாக்குனாங்க. மாடு மேச்சிட்டு இருந்த பையன் லூப்பு கண்ணாடி மாட்டிக்கிட்டு முடி கனம் இருக்கற ஸ்க்ரூவ திருகுனான். அப்ப பெர்மனென்ட் வேல, கேன்டீன், குவார்ட்டர்ஸ், அந்த சம்பளத்துல தங்கச்சி கல்யாணம் பண்ணவன், வீடு கட்டுனவன் இருக்கான். இப்ப வர்ற கம்பெனில என் பேத்தி போனா, ஒரு வருஷ அப்ரென்டிஸ், காண்ட்ராக்ட்டு, அப்புறம் வேற பொண்ணு. பினாங்கு தம்பி சொல்ற அடுத்த படி எப்பிடி வரும்? ஆள் நின்னா தானே வேல கைக்கு வரும். சீனாக்காரனும் ட்ரம்ப்பும் அப்புறம், இது நம்ம வீட்டு விஷயம்.

---

பர்கூர்_பினாங்கு

நைனா, நீங்க சொன்னது தான் நான் சுத்தி சுத்தி வந்த எடம். இங்க எங்க ஃப்ளோர்ல ஒரு மலாய் அக்கா இருக்காங்க, ஆபரேட்டரா சேந்து இன்னிக்கு லைன் முழுக்க அவங்க பொறுப்பு, சிப் பேக்கேஜ்ல எந்த எடத்துல விரிசல் வரும்னு கண்ணாலயே சொல்வாங்க. எங்க மாதிரி டிகிரி வாங்குன ஆளுங்க அவங்க கிட்ட தான் போயி நிப்போம். அந்த மாதிரி ஒருத்தர உருவாக்க இருவது வருஷம் அதே ஃப்ளோர்ல வெச்சிருக்கணும். ஆனா இங்கயும் இப்ப கீழ் வேலைக்கி நேபாளி, பங்களாதேஷ், மியன்மார் காண்ட்ராக்ட் ஆளுங்க தான், அவங்களுக்கு அந்த அக்கா மாதிரி வாய்ப்பு இல்ல, பினாங்க சொர்க்கமா காட்ட நான் வரல.

காந்தம் விஷயத்துல இங்க ஒரு வேடிக்க. குவாந்தான் பக்கம் கெபெங்ல லைனாஸ்னு ஆஸ்திரேலியா கம்பெனி, இந்த மே மாசம் டிஸ்ப்ரோசியம் பிரிச்சி எடுத்தாங்க, சீனாவுக்கு வெளிய வியாபார அளவுல இது தான் மொதல்ல. அந்த ஃபேக்டரிக்கி எதிரா, கதிர்வீச்சு கழிவு வருதுன்னு ஊர்க்காரங்க பத்து வருஷத்துக்கு மேல போராடுனாங்க. இப்ப அதே மலேசியா போன வாரம் அமெரிக்காவோட கனிம புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுச்சி.

---

ஒசூர்_சி_ஷிஃப்ட்

நம்மகிட்டயே இருக்கேண்ணா, கன்னியாகுமரி மணவாளக்குறிச்சி. கடல் மணல்ல ரேர் எர்த்து இருக்கற மோனசைட்டு. ஐஆர்இஎல் கம்பெனி. ஜப்பானுக்கு குடுக்கறத நிறுத்தி நமக்கு வெச்சிக்கங்கன்னு கவர்மெண்டு சொன்னதா ஜூன்ல நியூஸ் வந்துச்சி.

அப்புறம் ஓலாக்காரங்க ரேர் எர்த்தே இல்லாத ஃபெரைட் மோட்டாருக்கு அனுமதி வாங்கிட்டாங்க. எல்லாத்துக்கும் ஒரு வழி கெடைக்கும்.

---

பர்கூர்_பினாங்கு

மண்ணு இருக்குது. மண்ணுல இருந்து ஆக்சைடு, ஆக்சைடுல இருந்து உலோகம், உலோகத்துல இருந்து காந்தம், அந்த கடைசி ரெண்டு படி தான் நம்மகிட்ட பெருசா இல்ல. அப்புறம் கன்னியாகுமரி ஜனங்க கிட்ட கேட்டுட்டு தான் தோண்டணும், குவாந்தான் கத அங்கயும் இருக்குது. ஃபெரைட் மோட்டார் நல்ல வேல, வெயிட்டு கூடாம அதே இழுவ வருதான்னு ரோட்ல ஓடி தெரியணும்.

---

தகடூர்_டீச்சர் | திங்கள், 3 நவம்பர்

கப்பு வந்துருச்சி!! பொண்ணுங்க ஜெயிச்சிட்டாங்க, 52 ரன்னு. ராத்திரி பன்னண்டு மணிக்கி எங்க தெருவுல பட்டாசு. இன்னிக்கு கிளாஸ்ல பாடமே நடக்கல.

---

மாந்தோட்டக்காரன்

டீச்சர் சந்தோஷத்துல இருக்கறப்போவே ஒன்னு கேட்டுக்கறேன். நாளைக்கி எஸ்ஐஆர், அதான் வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம், ஆரம்பிக்கிது, வீட்டுக்கு ஆள் வருமாமே. என் தம்பி குவைத்துல இருக்கான், பேர தூக்கிருவாங்களா? நேத்து சென்னைல திமுக கூட்டுன கூட்டத்துல கட்சிங்க கோர்ட்டுக்கு போறதா முடிவு பண்ணியிருக்காங்க, இருந்தாலும் பயமா இருக்கு.

ஜூஸுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 ஆயிடுச்சி, வர்ற சீசன்ல வெல ஏறும்னு மண்டில சொல்றாங்க, நம்பலாமா? பாதி பெங்களூராவ வெட்டிட்டு செந்தூரா ஒட்டலாமான்னு பாக்கறேன்.

---

கருங்கல்

வெட்டாத மச்சான். எல்லாரும் ஒரே வருஷத்துல செந்தூராவுக்கு மாறுனா அதுக்கும் அஞ்சு ரூபா தான். கல்லுலயும் அப்டித்தான் ஒரே கலரு பின்னாடி ஓடி மாட்டுனோம்.

---

தகடூர்_டீச்சர்

எங்க பக்கம் நானே பிஎல்ஓ, வாக்குச்சாவடி அலுவலர், அதனால சொல்றேன் கேட்டுக்கோங்க. இப்ப அறிவிச்சபடி 4-ம் தேதில இருந்து டிசம்பர் 4 வரைக்கும் ஃபார்ம் குடுத்து வாங்குவோம், மூணு தடவ வரைக்கும் வீட்டுக்கு வருவோம். ஆள் இல்லன்னா வீட்டுல இருக்கற பெரியவங்க யாராச்சும் கையெழுத்து போட்டு குடுக்கலாம். பழைய தீவிர திருத்த லிஸ்ட்ல, அதான் 2002, 2005-ல எடுத்தது, உங்க பேரோ அப்பா அம்மா பேரோ எந்த பாகத்துல எந்த நம்பர்ல இருக்குன்னு தேடி வெச்சிருங்க, அது இருந்தா பாதி வேல முடிஞ்சிது. டிசம்பர் 9-ல வரைவு லிஸ்ட் வரும்னு இப்ப அறிவிச்சிருக்காங்க, அத கண்டிப்பா பாருங்க, இல்லன்னா அப்பவே மனு போடுங்க.

வெளிநாட்டுல தங்கி வேல பாக்கறவங்களுக்கு தனியா ஃபார்ம் 6ஏ இருக்கு, பாஸ்போர்ட்ல இருக்கற ஊர் விலாசத்துக்கு பதிவாகும். ஆனா வோட்டு போட நேர்ல தான் வரணும்.

---

தோஹா_பாலக்கோடு

நேர்ல வரணும்னா எதுக்கு டீச்சர் அது. ஏப்ரல் மே-ல லீவு யாரு குடுப்பா, வெயில் ஆரம்பிச்சா ஏசி மெக்கானிக்க விடவே மாட்டான்.

---

பர்கூர்_பினாங்கு

நானும் 6ஏ போடறேன். இங்க 2025 செப்டம்பர் 30-ல இருந்து பெட்ரோல் குடிமக்களுக்கு 1.99 ரிங்கிட், எங்கள மாதிரி வெளிநாட்டுக்காரனுக்கு ஆரம்பிச்சப்போ 2.60. அது அவங்க நாடு, அவங்க வரிப்பணம், கேக்க எனக்கு உரிம இல்ல, பேசாம போட்டுக்கிட்டு போறேன். ஆனா பர்கூர்ல பேரு போச்சின்னா கேப்பேன்.

டீச்சர், எங்க அப்பா இருந்த வரைக்கும் ரேஷன் கார்டு, லிஸ்ட்டு எல்லாம் அவரு தான் பாத்தாரு. அவரு பேரு அந்த பழைய லிஸ்ட்ல இருக்கான்னு வீட்ல யாருக்கும் தெரியல. அவரு இப்ப இல்ல, அப்டின்னா அவரு நம்பர காட்டலாமா?

---

தகடூர்_டீச்சர்

காட்டலாம் அண்ணா, அன்னிக்கு லிஸ்ட்ல இருந்தா போதும். ஊர்ப் பேரு, பழைய தொகுதி பேரு தெரியும்ல? 2008-ல தொகுதி எல்லைங்க மாறிடுச்சி, அதனால இப்ப இருக்கற தொகுதியில தேடாதீங்க, அப்ப உங்க ஊர் எந்த தொகுதில இருந்துச்சோ அதுல தேடுங்க. உங்க ஊர் பிஎல்ஓ யாருன்னு அம்மாவ பஞ்சாயத்து ஆபீஸ்ல கேக்க சொல்லுங்க. ஃபார்ம் ரெண்டு காப்பி குடுப்பாங்க, ஒன்னு கையெழுத்து வாங்கி வீட்லயே வெச்சிக்க சொல்லுங்க, அத மறந்துராதீங்க.